யாரும் கடத்திக்கொண்டு போகவில்லை

போன வருடம் ஜூலை மாதம் ஒரு சுவரொட்டி செய்தேன். ஜூலை 30 ஆள்கடத்தலுக்கு எதிரான உலக நாள், 2013-இல் ஐ.நா. பொதுச்சபை அறிவித்தது. நான் அவ்வப்போது கூடமாட உதவி செய்யும் தன்னார்வக் குழுவில் 'நீதான் கொஞ்சம் டிசைன் எல்லாம் பண்ணுவியே' என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். கறுப்புப் பின்னணி, துருப்பிடித்த சங்கிலி மாட்டிய இரண்டு கைகள், ஓரத்தில் ஒரு சிறுமியின் கலங்கிய கண். இணையத்தில் 'நவீன அடிமைத்தனம்' என்று தேடினால் முதலில் வந்து விழும் படங்கள் எல்லாம் இதே ரகம்தான், நான் பெரிதாக யோசிக்கவும் இல்லை. மேலே சிவப்பு எழுத்தில் ஒரு வாசகம். பத்து நிமிட வேலை. எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள், நானும் நம்பிவிட்டேன்.

அந்தச் சுவரொட்டியைத் திரையில் போட்டுக்கொண்டு ஒரு கல்லூரியில் அரை மணி நேரம் பேசினேன். முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு ஒரு மாணவி தயங்கித் தயங்கி வந்தாள்.

"அக்கா, எங்க சித்தி பொண்ணு வீட்டு வேலைக்கு வெளிநாடு போயிருக்கா. போன அன்னிக்கே பாஸ்போர்ட்டை அந்த வீட்டம்மா வாங்கி வெச்சுக்கிட்டாங்களாம். நாலு மாசமா சம்பளம் சரியா வரல, ஏஜெண்டுக்குக் கொடுத்த பணம் கழியணும்னு சொல்றாங்களாம். ஆனா அவளை யாரும் கடத்திட்டுப் போகலையே, அவளேதான் கையெழுத்துப் போட்டுட்டுப் போனா. அப்போ இது நீங்க சொன்னதுல வராதுல்ல?"

அவள் குரலில் ஒரு நிம்மதி இருந்தது, அதுதான் என்னை உறுத்தியது. அரை மணி நேரம் நான் பேசியதைக் கேட்டுவிட்டு, திரையில் அந்தச் சங்கிலியைப் பார்த்துவிட்டு, நம் வீட்டுப் பெண்ணுக்கு இது நடக்கவில்லை என்ற முடிவுக்கு அவள் வந்திருக்கிறாள். விழிப்புணர்வு என்று போய் நின்று, இருந்த சந்தேகத்தையும் அணைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அன்றைக்கு அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்பதை அப்புறம் சொல்கிறேன். முதலில் அந்தச் சொல்லைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் கோளாறு படத்தில் மட்டும் இல்லை, சொல்லிலேயே இருக்கிறது.

கடத்தல். தமிழில் இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாம் எத்தனை வேலை வாங்குகிறோம் பாருங்கள். தங்கத்தைக் கடத்துகிறார்கள், விமானத்தைக் கடத்துகிறார்கள், தொழிலதிபர் மகனைக் கடத்திப் பணம் கேட்கிறார்கள், மின்சாரம்கூடக் கடத்தப்படுகிறது. அதனால் 'ஆள்கடத்தல்' என்றதும் மனதில் ஓடுவது ஒரு வேன், சட்டென்று திறக்கும் கதவு, வாயைப் பொத்தும் ஒரு கை. இன்னொரு பக்கம், முறையான ஆவணம் இல்லாதவர்களைக் காசு வாங்கிக்கொண்டு எல்லை தாண்டிக் கொண்டுபோய் விடுவதையும் நாம் அதே சொல்லால்தான் சொல்கிறோம். சட்டத்தில் இவை வேறு வேறு குற்றங்கள். 2000-ஆம் ஆண்டு ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட, பலெர்மோ நெறிமுறைகள் என்று அழைக்கப்படும் ஆவணங்களில் ஆள்கடத்தலுக்குத் தனி நெறிமுறை, எல்லை தாண்டிக் கூட்டிப் போவதற்குத் தனி நெறிமுறை. எல்லை தாண்டிக் கூட்டிப் போகிறவருக்கு நம்மை அக்கரையில் இறக்கிவிட்டதோடு வியாபாரம் முடிந்தது. ஆள்கடத்தல்காரருக்கு வியாபாரம் தொடங்குவதே அங்கேதான்.

இடம் மாற வேண்டும் என்றுகூட அவசியம் இல்லை. பிறந்த தெருவை விட்டு நகராத ஒருவரும் இந்தக் குற்றத்துக்கு இரையாகலாம். சட்டம் பார்ப்பது மூன்று விஷயங்களை: என்ன செய்தார்கள் (ஆள் சேர்த்தது, கூட்டிப் போனது, தங்க வைத்தது, கை மாற்றியது), எப்படிச் செய்தார்கள் (மிரட்டி, ஏமாற்றி, அல்லது வேறு போக்கிடம் இல்லாத நிலையைப் பயன்படுத்தி), எதற்காகச் செய்தார்கள் (சுரண்டுவதற்காக). பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் நடுவில் உள்ள 'எப்படி' தேவையே இல்லை. ஏமாற்றவில்லை, அடிக்கவில்லை, பிள்ளையே வருகிறேன் என்று சொன்னது என்பதெல்லாம் செல்லாது.

அந்த நெறிமுறையில் எனக்கு மிக முக்கியமாகப் படும் வரி ஒன்று உண்டு. மேலே சொன்ன வழிகளில் ஏதாவது ஒன்று பயன்படுத்தப்பட்டிருந்தால், பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லை. அந்த மாணவி என்னிடம் சொன்ன 'அவளேதான் கையெழுத்துப் போட்டாள்' என்பதற்கு நேர் பதில் இருபத்து சொச்சம் வருடங்களுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. நான்தான் அதைச் சொல்லாமல் சங்கிலியைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

உண்மையில் இது பெரும்பாலும் ஒரு 'சரி'யில்தான் ஆரம்பிக்கிறது. சரி, போகிறேன். சரி, முன்பணம் வாங்கிக்கொள்கிறேன். சரி, பாஸ்போர்ட் பத்திரமாக உங்களிடமே இருக்கட்டும். அந்தச் 'சரி'யைச் சொல்லும்போது அவருக்குத் தெரிந்தது வேறு, நடந்தது வேறு. அல்லது தெரிந்தேதான் சொன்னார், வேறு வழியில்லாமல். வெளியே இருக்கிற நாம் அந்த முதல் சரியை மட்டும் பிடித்துக்கொண்டு, 'தெரிஞ்சுதானே போனாங்க' என்று ஒரு வரியில் கதையை முடித்துவிடுகிறோம். இந்தத் தொழிலுக்கு நம் எல்லோரையும்விட அதிகமாக உதவி செய்வது இந்த ஒரு வரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கடன் எப்படிச் சங்கிலியாகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதச் சம்பளம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை வாங்கித் தர ஏஜெண்டு 800 கேட்கிறார். வட்டிக்கு வாங்கிக் கொடுத்தாயிற்று. போய் இறங்கிய பிறகுதான் தெரிகிறது, சம்பளம் 100 இல்லை, 60. அதில் தங்குமிடத்துக்கு 15, சாப்பாட்டுக்கு 15 பிடித்துக்கொள்கிறார்கள். ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் அபராதம், தட்டு உடைந்தால் அபராதம், மாதம் 5 என்று வையுங்கள். கையில் நிற்பது 25. ஊரில் 800-க்கு மாத வட்டி மட்டும் நூற்றுக்கு மூன்று என்றால் 24. ஆக, முதல் மாதம் முழுக்க உழைத்தால் அசலில் ஒன்று குறையும். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் என்றே வைத்தாலும், கடன் அடைய ஒன்பது வருடத்துக்கு மேல் ஆகும். கணக்கு நோட்டு யாரிடம் இருக்கிறது என்று கேட்டீர்களா? முதலாளியிடம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் கேட்க முடியாது. பூட்டே போடாத கதவு அது. திறந்து வெளியே வரலாம், ஆனால் ஊரில் அப்பா அம்மா வாசலில் வந்து நிற்பார் வட்டிக்காரர்.

இதற்குத்தான் 1997-இலேயே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 181-ஆவது உடன்படிக்கை, தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் தொழிலாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று பொது விதியாகவே சொன்னது. ஆள் வேண்டும் என்பவர் செலவு செய்யட்டும், வேலை வேண்டும் என்பவர் ஏன் செய்ய வேண்டும்? கேட்டால் எவ்வளவு எளிமையாக இருக்கிறது. அந்த உடன்படிக்கையை இன்னமும் ஏற்காத நாடுகள்தான் அதிகம்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு புதிது இல்லை, அதுதான் வேதனை. பிரிட்டன் 1833-இல் சட்டம் போட்டுத் தன் பெரும்பாலான காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. அடுத்த ஆண்டே கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களைக் கப்பலில் மொரிஷியஸுக்கு ஏற்றிப் போக ஆரம்பித்தார்கள். ஒப்பந்தம் என்றால் கைநாட்டு உண்டு, அதாவது சம்மதம் உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தார். அங்கே 'துண்டு' என்று ஒரு காகிதம் இருந்தது. தொழிலாளி எவ்வளவு கடன் பாக்கி வைத்திருக்கிறார் என்று எழுதிய சீட்டு. அந்தக் கடனை அடைக்க முன்வரும் இன்னொரு தோட்டத்துக்கு அவர் மாறலாம், மாறும்போது கடனும் கூடவே மாறும். ஆளை விற்கவில்லை, கடனைத்தான் கை மாற்றினார்கள், என்ன ஒன்று, கடனோடு ஆளும் சேர்ந்து போனார். 1921-இல்தான் அந்தத் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. சங்கிலி இல்லாமல் மனிதர்களைக் கட்டிவைக்க ஒரு துண்டுக் காகிதம் போதும் என்பது நம் தாத்தாவின் தாத்தாக்களுக்கு நன்றாகத் தெரியும். பேரப்பிள்ளை நான் போய்ச் சங்கிலிப் படம் போட்டிருக்கிறேன்!

எண்ணிக்கை சொல்லாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் வாக் ஃப்ரீ என்ற அமைப்பும் புலம்பெயர்வுக்கான சர்வதேச அமைப்பும் சேர்ந்து 2022-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2021-இல் உலகில் ஏறத்தாழ 4.96 கோடிப் பேர் நவீன அடிமைத்தனத்தில் இருந்தார்கள். அதில் 2.76 கோடிப் பேர் கட்டாய உழைப்பில், 2.2 கோடிப் பேர் கட்டாயத் திருமணத்தில். கிட்டத்தட்ட 150 பேருக்கு ஒருவர்.

ஆனால் இந்தப் பெரிய எண்களைவிட உள்ளே இருக்கும் சின்ன எண்கள்தான் எனக்குக் கண்ணைத் திறந்தன. கட்டாய உழைப்பில் இருப்பவர்களை எதைச் சொல்லிக் கட்டிவைக்கிறார்கள் என்று பார்த்தால், முதல் இடத்தில் இருப்பது அடி உதை இல்லை. சம்பளத்தைத் திட்டமிட்டுப் பிடித்து வைப்பது, 36 சதவீதம். இரண்டாவது, வேலையை விட்டு அனுப்பிவிடுவேன் என்ற மிரட்டல். பாக்கிச் சம்பளம் வந்துவிடும், வந்துவிடும் என்று காத்திருந்தே வருடங்கள் போகின்றன. கிளம்பிவிட்டால் அதுவரை உழைத்ததெல்லாம் போச்சு. இந்த உணர்வு நமக்குப் புரியாததா என்ன? முழுச் சம்பளத்தோடு வேலை பார்ப்பவர்களே போனஸ் வரட்டும் என்று பிடிக்காத வேலையில் ஆறு மாதம் ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று. கட்டாய உழைப்பு என்றால் ஏழை நாட்டுப் பிரச்சினை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதே மதிப்பீட்டில், பாதிக்கு மேல் நடப்பது உயர் வருமான நாடுகளிலும் உயர்-நடுத்தர வருமான நாடுகளிலும். அப்புறம் அந்த 2.2 கோடிக் கட்டாயத் திருமணங்கள்: 85 சதவீதத்துக்கு மேல் குடும்பத்தின் நெருக்குதலால் நடந்தவை. அங்கேயும் ஒரு 'சரி' இருந்திருக்கும், மேடையில் எல்லோர் முன்னாலும் தலையை ஆட்டியிருப்பார்கள். இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே தொட்டுவிட்டு நகர்கிறேன்.

கட்டாய உழைப்பில் கிடைக்கும் சட்டவிரோத லாபம் ஆண்டுக்கு 23,600 கோடி டாலர் என்று 2024-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கணக்கிட்டது. தனியார் கையில் சிக்கியவர்களில் பாலியல் சுரண்டலுக்கு ஆளாகிறவர்கள் 27 சதவீதம்தான், ஆனால் லாபத்தில் 73 சதவீதம் அவர்கள் உடம்பிலிருந்து வருகிறது. இந்த வரியைத் தட்டச்சு செய்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்துவிட்டு வந்தேன்.

இதைப் படிக்கிற நீங்கள் ஓரளவு படித்தவர், கையில் நல்ல போன் இருக்கும், ஏமாற மாட்டோம் என்ற நம்பிக்கையும் இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கென்றே இப்போது ஒரு வகை வந்திருக்கிறது. மோசடி வளாகங்கள். கம்போடியாவிலும் மியான்மரிலும் உயரமான சுற்றுச்சுவரும் காவலும் போட்ட கட்டடங்கள், உள்ளே வரிசை வரிசையாகக் கணினிகள். 2023 ஆகஸ்டில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இப்படிக் கட்டாயப்படுத்தப்பட்டு மோசடி வேலை செய்துகொண்டிருக்கலாம் என்று சொன்னது. அவர்களில் பலர் பட்டதாரிகள், கணினி தெரிந்தவர்கள், இரண்டு மூன்று மொழி பேசுகிறவர்கள். அதுதானே அங்கே தேவை.

நடக்கும் விதம் ஒரே மாதிரி இருக்கிறது. சமூக ஊடகத்தில் ஒரு விளம்பரம், வாடிக்கையாளர் சேவை அல்லது டேட்டா என்ட்ரி, தகுதிக்கு மீறிய சம்பளம். இன்டர்வியூ என்று பெயருக்கு ஒரு வீடியோ அழைப்பு, தட்டச்சு வேகம் மட்டும் பார்ப்பார்கள். விமான டிக்கெட் அவர்களே எடுத்துத் தருவார்கள், அது பெரிய நம்பிக்கையைக் கொடுக்கும். சுற்றுலா விசாவில் வாருங்கள், வந்த பிறகு வேலை விசாவுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். விமான நிலையத்தில் ஆள் பெயர்ப்பலகையோடு நிற்பார். கார் சொன்ன நகரத்துக்குப் போகாது, மணிக்கணக்காகப் போகும், சில சமயம் ஆற்றைத் தாண்டி இன்னொரு நாட்டுக்கே போய்விடும். அங்கே பாஸ்போர்ட்டும் போனும் வாங்கப்படும். கையில் ஒரு புது போன், அழகான ஒருவரின் புகைப்படங்கள், ஒரு நாளைக்கு இத்தனை பேரிடம் பேசி நட்பு பிடித்துப் போலி முதலீட்டில் பணம் போட வைக்க வேண்டும் என்ற இலக்கு. இலக்கு எட்டவில்லை என்றால் அடி, மின்சார அதிர்ச்சி. வெளியே போக வேண்டும் என்றால் உனக்குச் செலவு செய்த தொகையைக் கட்டு. மறுபடியும் பாருங்கள், கடன்!

தெரியாத எண்ணிலிருந்து உங்களுக்கு 'ஹாய், எப்படி இருக்கீங்க' என்று வருகிறதே, அந்தப் பக்கம் இருப்பவர் ஏமாற்றுக்காரர் என்று திட்டி பிளாக் செய்கிறோமே, அது அப்படி ஒரு அறையிலிருந்தும் வந்திருக்கலாம். பிளாக் செய்யாதீர்கள் என்று சொல்லவில்லை, தாராளமாகச் செய்யுங்கள், பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். ஆனால் அங்கிருந்து தப்பி வந்தவரைச் சொந்த ஊரில் 'மோசடி செய்த ஆள்' என்று பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. கட்டாயத்தின் பேரில் செய்ய நேர்ந்த குற்றத்துக்காகப் பாதிக்கப்பட்டவரைத் தண்டிக்காமல் விட அதிகாரிகளுக்கு வழி இருக்க வேண்டும் என்று 2014-இல் வந்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் நெறிமுறை சொல்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், திரும்பி வந்தவரிடம் அக்கம்பக்கத்தில் முதலில் கேட்பது என்னவென்று நமக்குத் தெரியும்: 'விசாரிக்காம ஏன் போனே?'

விழிப்புணர்வே தப்பாகப் போனால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். 2018-இல் இந்தியாவில் வாட்ஸ்அப்பில் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள் என்று ஒரு வதந்தி பரவியது. உஷாராக இருங்கள், எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று அனுப்பியவர்கள் எல்லோரும் நல்லது செய்கிறோம் என்றுதான் அனுப்பினார்கள். வழி கேட்டு நின்றவர்கள், மொழி தெரியாதவர்கள், குழந்தைக்கு மிட்டாய் கொடுத்தவர்கள் என்று பல மாநிலங்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் கும்பல்களால் அடித்தே கொல்லப்பட்டார்கள். அந்த ஜூலையில்தான் வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஒரே தடவையில் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. வேனில் வரும் அந்நியன் என்ற ஒரே படத்தை மனதில் வைத்துக்கொண்டு எச்சரிக்கையாக இருந்தால், கண்ணில் படும் அந்நியர்கள் எல்லோரும் குற்றவாளிகளாகிவிடுகிறார்கள். நிஜத்தில் வேலைக்குக் கூட்டிப் போகிறவர் பல சமயம் தெரிந்தவர். ஒன்றுவிட்ட மாமா, பக்கத்துத் தெரு அக்கா, அங்கே போய்ச் சம்பாதித்து வந்து வீடு கட்டியவர். சில நேரம் அவரே ஒரு காலத்தில் மாட்டிக்கொண்டவராக இருப்பார், ஆள் பிடித்துக் கொடுத்தால் உன் பாக்கி கழியும் என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

சரி, படம் போட்டதே தப்பா என்றால் அப்படியும் இல்லை. 1788-இல் இங்கிலாந்தில் அடிமை வியாபாரத்தை எதிர்த்தவர்கள் ஒரு படம் அச்சடித்தார்கள். புரூக்ஸ் என்ற கப்பலின் அடித்தளத்து வரைபடம். அழுகிற முகம் கிடையாது, ரத்தம் கிடையாது. கட்டட வரைபடம் மாதிரி, மேலிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி, படுத்த நிலையில் மனித உருவங்கள், தீப்பெட்டியில் குச்சி அடுக்கிய மாதிரி. அந்தக் காலச் சட்டம் அந்தக் கப்பலில் 454 பேரை ஏற்ற அனுமதித்தது. அதற்கு முன்பு 600-க்கும் மேல் ஏற்றியிருக்கிறார்கள். அதாவது படத்தில் இருந்தது சட்டத்துக்கு உட்பட்ட, சீர்திருத்தப்பட்ட நெரிசல். பார்த்தவர்களை உலுக்கியது அந்த ஒழுங்குதான் என்று நினைக்கிறேன். கொடுமைக்காரன் யாரும் அதில் தெரியவில்லை, இடத்தை வீணாக்காமல் கணக்காக அடுக்கத் தெரிந்த ஒரு வியாபாரி தெரிந்தார். என் சங்கிலிப் படத்தில் கொடுமை இருந்தது, வியாபாரம் எப்படி நடக்கிறது என்பது இல்லை.

நிறுவனங்களைப் பற்றி ஒரு பத்தி மட்டும். 2015-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர்கள் இந்தோனேசியாவின் பெஞ்சினா என்ற தீவுக் கிராமத்தில் மீன்பிடித் தொழிலாளர்கள் கூண்டில் அடைத்து வைக்கப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்து, அவர்கள் பிடித்த மீன் எந்தக் கப்பலில் ஏறி எந்தக் கடை வரைக்கும் போகிறது என்று செயற்கைக்கோள் வழியாகவும் லாரிகளின் பின்னாலேயே போயும் கண்காணித்து எழுதினார்கள். 2,000-க்கும் மேற்பட்டவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். அதே ஆண்டு பிரிட்டன் நவீன அடிமைத்தனச் சட்டம் கொண்டுவந்தது. பெரிய நிறுவனங்கள் தங்கள் சப்ளையர்கள் விஷயத்தில் என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட வேண்டும். ஒன்றும் செய்யவில்லை என்று அறிக்கை வெளியிட்டாலும் சட்டப்படி சரிதான், அது அந்தச் சட்டத்தின் லட்சணம். அடிமை உழைப்பு இல்லாத சட்டையாகப் பார்த்து வாங்குங்கள் என்று எனக்கு அறிவுரை சொல்லத் தெரியவில்லை, சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் அதில் எழுதியிருக்காது. பருத்தி வயலில் இருந்து தையல் வரை தெரிந்துகொள்ளும் வசதி இருப்பது விற்கிறவருக்குத்தான்.

இப்போது அந்த மாணவிக்கு வருகிறேன். அன்று அவளிடம் நான் சொன்னது: "இது அதுதான்மா. முழுசா அதுதான்னு நான் தீர்ப்பு சொல்ல முடியாது, ஆனா பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வெச்சது, சம்பளத்தைப் பிடிச்சு வெச்சது, கடனைக் காட்டிப் போக விடாம இருக்கறது, மூணும் கட்டாய உழைப்புக்கான அடையாளம்னு எழுதி வெச்சிருக்காங்க." சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு அப்படிப் பதினொரு அடையாளங்களைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. அவள் முகம் மாறிவிட்டது. பாவம், தெரியாமலே இருந்திருக்கலாமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

பிறகு குழுவில் விவரம் தெரிந்த ஒரு அண்ணனிடம் அவளைப் பேச வைத்தேன். அவர் முதலில் சொன்னது, அவசரப்பட்டு அந்த வீட்டம்மாவுக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்காதீர்கள் என்பது. போனையும் பிடுங்கிவிட்டால் இருக்கிற ஒரே நூலும் அறுந்துவிடும், இல்லையென்றால் ராத்திரியோடு ராத்திரியாக வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவார்கள். சுவர் ஏறிக் குதித்துக் காப்பாற்றுவதெல்லாம் சினிமாவுக்குச் சரி. 'நல்லா இருக்கியா' என்று கேட்காதே, பக்கத்தில் ஆள் இருந்தால் நல்லா இருக்கேன் என்றுதான் பதில் வரும். ஆமாம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லக்கூடியதாகக் கேள். பக்கத்துல யாராவது இருக்காங்களா? நாளைக்கே கிளம்பணும்னா விடுவாங்களா? கடன் பாக்கி எவ்வளவுன்னு உனக்குத் தெரியுமா? அப்புறம் ஒரு சொல் பேசி வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் இல்லாத ஒருவரின் பெயர் மாதிரி, அவள் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஆபத்து என்று அர்த்தம். அந்த வீட்டு முகவரி தெரியாவிட்டால் போன் மேப்பில் இருக்கும் இடத்தை அனுப்பச் சொல். பாஸ்போர்ட் நகல், ஒப்பந்தம், ஏஜெண்டு பேசிய வாய்ஸ் மெசேஜ் எதையும் அழிக்காதே. இதையெல்லாம் எடுத்துக்கொண்டு அந்த நாட்டில் இருக்கும் நம் தூதரகத்துக்கும் இங்கே போலீசுக்கும் எழுத்தில் கொடு.

பாஸ்போர்ட் நகலையும் ஒப்பந்தத்தையும் கிளம்புவதற்கு முன்பே வீட்டில் கொடுத்து வைத்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அந்தக் குடும்பத்திடம் ஒப்பந்தத்தின் நகல் இல்லை, அது எந்த மொழியில் இருந்தது என்றே அவர்களுக்கு நினைவில்லை.

ஏழு மாதம் ஆனது. அந்தப் பெண் திரும்பி வந்துவிட்டாள், பாஸ்போர்ட்டோடு. சம்பள பாக்கி வரவில்லை. வட்டிக் கடன் அப்படியே இருக்கிறது, அதைக் கட்ட இப்போது அவள் தம்பி வேறொரு ஏஜெண்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று போன வாரம் கேள்விப்பட்டேன். இந்தத் தடவை விசா என்ன வகை, ஏஜெண்டுக்கு லைசென்ஸ் உண்டா என்றாவது கேட்டிருக்கிறார்கள்.

இந்த ஜூலைக்குப் புதுச் சுவரொட்டி செய்தோம். சங்கிலி இல்லை, கண்ணீர் இல்லை. பூட்டிய மேசை அலமாரியும் உள்ளே ஒரு பாஸ்போர்ட்டும். கீழே மூன்று கேள்விகள்: உங்கள் அடையாள அட்டை யாரிடம் இருக்கிறது? உங்கள் கடன் கணக்கை யார் எழுதுகிறார்? நாளைக்கே நிற்கிறேன் என்றால் விடுவார்களா? குழுவில் ஒருவர் 'இது எல்ஐசி விளம்பரம் மாதிரி இருக்கே, யாரு நின்னு படிப்பாங்க' என்றார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

ஒட்டிய அன்றைக்கே ஒரு அம்மா நின்று படித்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், கையில் சின்னப் பை. நான் பக்கத்தில்தான் துண்டுப் பிரசுரம் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். இரண்டு முறை படித்தார் என்று நினைக்கிறேன். பிறகு என்னைப் பார்த்து, "ஏம்மா, எங்க வீட்ல ஒரு பொண்ணு கூடவே தங்கி வேலை செய்யுது. வெளி மாநிலத்துப் பொண்ணு. அதோட கார்டெல்லாம் என் பீரோலதான் இருக்கு. தொலைச்சிடும்னு பத்திரமா நான்தான் வாங்கி வெச்சேன். அது தப்பா?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அந்தப் பொண்ணு வந்து கொடுங்கன்னு கேட்டா உடனே எடுத்துக் கொடுத்துடுவீங்களாம்மா?" என்றேன்.

கொஞ்ச நேரம் சுவரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது கேட்டதே இல்லையே" என்றார்.